மாமா தாண்டிப்போன அதிகாரம்

பிப்ரவரி 7

இன்று குடும்ப ஜெபத்தில் ஓர் அதிகாரம் காணாமல் போய்விட்டது.

புது வருடத்தன்று ஆதியாகமத்தில் தொடங்கி, தினமும் சாயங்காலம் ஓர் அதிகாரமாக மாமா வாசித்து வருகிறார். நேற்று முப்பத்தேழு. யோசேப்பை அண்ணன்மார் குழியில் தள்ளி, பிறகு விற்றும் தொலைத்தார்கள். இன்று மாமா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, தாளைச் சேர்த்துப் புரட்டி, "முப்பத்தொன்பதாம் அதிகாரம்" என்றார். அத்தை முக்காட்டைச் சரிசெய்துகொண்டார். கொழுந்தன் பிரின்ஸ் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மட்டும் முப்பத்தெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு அசடுபோல உட்கார்ந்திருந்தேன்.

"மாமா, முப்பத்தெட்டு விட்டுப்போச்சு."

"அது குடும்பத்துல வாசிக்கிற அதிகாரம் இல்லம்மா."

பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு நானே உட்கார்ந்து வாசித்தேன். வாசிக்க வாசிக்கக் காது சூடாகிவிட்டது.

தாமார், யூதாவின் மூத்த மருமகள். புருஷன் செத்துப்போனான். அந்தக் காலத்து முறைப்படி தம்பிதான் அவளுக்குப் பிள்ளை கொடுத்து அண்ணன் பேரை நிலைநிறுத்த வேண்டும். தம்பி ஏமாற்றினான், அவனும் செத்தான். மூன்றாமவன் சின்னப் பையன். அவன் பெரியவனாகட்டும், அதுவரை உன் அப்பா வீட்டில் போய் இரு என்று மாமனார் அனுப்பிவிட்டார். பையன் பெரியவனானான். மாமனார் வாயைத் திறக்கவில்லை. அவள் விதவைக் கோலத்தைக் களைந்து, முகத்தை மூடிக்கொண்டு வழியோரம் உட்கார்ந்தாள். யாரோ வேசி என்று நினைத்து அந்தப் பெரிய மனுஷரே வந்தார். கூலி கொடுக்கும்வரை அடமானம் என்று அவருடைய முத்திரையையும் கைத்தடியையும் வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு மருமகள் வாயும் வயிறுமாக இருக்கிறாள் என்று காதில் விழுந்ததும், வெளியே கொண்டுவந்து கொளுத்துங்கள் என்றார். யாரிடமும் எதுவும் விசாரிக்கவில்லை. அவள் தடியை அனுப்பி, இது யாருடையதோ அவருக்குத்தான் இந்தப் பிள்ளை என்றாள். அப்புறம்தான் என்னைவிட அவள் பக்கமே நியாயம் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றாமல் என்ன செய்யும், தடி கண்ணுக்கு முன்னால் கிடக்கிறதே!

கிறிஸ்மஸ் காலையில் இயேசுவின் வம்ச வரலாற்றை வாசிக்கும்போது தாமார் பேர் மட்டும் வேண்டும். அவள் எப்படி அந்த வம்சத்துக்குள் வந்தாள் என்று கேட்டால், குடும்பத்தில் வாசிக்கிற அதிகாரம் இல்லை.

பிப்ரவரி 9

இன்னும் ஆறவில்லை. காரணம் தாமார் மட்டும் இல்லை.

என் கணவர் கிப்சன் இறந்து, வருகிற மார்ச் பன்னிரண்டோடு ஒரு வருடம் ஆகிறது. கடை ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பு என்றார்கள். எத்தனையோ வருட வைத்தியத்துக்குப் பிறகு, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் எங்கள் கரு இரண்டை உறைய வைத்திருந்தார்கள். அடுத்த மாதம் கர்ப்பப்பையில் வைத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்த நேரம்.

சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் மாமா என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஆண்டு நினைவு முடியட்டும்மா. நானே ஒன்னைய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். அவன் பிள்ள இந்த வீட்ல வளரும்." ரட்சண்யபுரம் சபையே நின்று கேட்டது. கிப்சன் முன்கூட்டியே சம்மதம் கொடுத்திருப்பதால் தடை ஒன்றும் இல்லை என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். மாமாவின் வாக்கை நம்பித்தான் இந்த ஒரு வருடத்தையும் தள்ளினேன்.

பிப்ரவரி 21

மேலத்தெருவில் புது மாவு மில் திறந்தார்கள். மாமாதான் ஜெபம். சபை மூப்பர் வேதமாணிக்கம் இல்லாமல் இந்த ஊரில் ஒரு சைக்கிள்கூட ஓடத் தொடங்காது.

அவரிடம் இருப்பது ஒரே ஜெபம். "வைக்கிறதை நிலைக்கப் பண்ணும் ஆண்டவரே, நட்டதை வேர் பிடிக்கப் பண்ணும், வேர் பிடித்ததைக் கனி கொடுக்கப் பண்ணும்." தென்னம்பிள்ளைக்கும் அதுதான், ஆழ்துளைக் கிணற்றுக்கும் அதுதான், கல்யாணத்துக்கும் அதுதான். இன்று மாவு மில்லை வேர் பிடிக்கச் சொன்னார். தெருப் பிள்ளைகள் வாய்க்குள்ளேயே கூடச் சொல்கின்றன. எதற்கு ஜெபம் என்று மாமா கேட்பதே இல்லை. கையைத் தலைமேல் வைத்தால் வாய் தானாக ஓடும்.

கிப்சன் இருந்திருந்தால் இன்று ராத்திரி பூராவும் சிரித்திருப்பார்.

மார்ச் 12

கல்லறைத் தோட்டத்துக்குப் போய் வந்தோம். வெள்ளை அடித்திருந்தார்கள். அசனச் சாப்பாட்டில் உப்பு இல்லை.

மார்ச் 13

கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு எப்போது போகலாம் என்று. மாமா காபியை ஆற்றிக்கொண்டே இருந்தார். அதில் சூடே மிச்சம் இருந்திருக்காது.

"மே மாசம் பிரின்ஸ் கல்யாணம் வருதும்மா. அது முடியட்டும்."

மூன்றாமவன் பெரியவனாகட்டும் என்றார் அந்தக் காலத்து மாமனார். என் மாமனாருக்கு இரண்டாமவனே போதும்.

அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை! ஒரே ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கலாம். செதிலைச் சுரண்டுவதில்தான் கவனம் முழுவதும்.

மார்ச் 19

துணி மடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் மாமா அத்தையிடம் பேசுவது கேட்டது.

"அந்தப் பிள்ளைக்கும் அவன் நெஞ்சு வந்துட்டா என்ன செய்ய? இன்னொரு பெட்டியத் தூக்க என்னால ஏலாது, ஞானப்பூ. கல்யாணம் முடிஞ்சதும் எப்சிபா அவ அம்மா வீட்ல போய் இருக்கட்டும். ஆஸ்பத்திரில கெடக்கது அப்படியே போவட்டும்."

நெஞ்சாம்! கிப்சன் பங்குத் தென்னந்தோப்பு பிரின்ஸுக்குப் போய்ச் சேர வேண்டும் என்று நேராகச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு ஒரு நெஞ்சு, ஒரு பெட்டி. மூக்கை வேறு உறிஞ்சினார். ஜலதோஷம் போல.

அத்தை "ம்" என்றார். அவ்வளவுதான். அந்த "ம்"மை நான் இந்த ஜென்மத்தில் மன்னிக்கப் போவதில்லை.

மார்ச் 23

பல் வலி என்று சொல்லிவிட்டுப் பாளையங்கோட்டைக்குப் போய் வந்தேன். பல் நன்றாக இருக்கிறது.

மார்ச் 30

அத்தை புதுப் பழக்கமாகத் தினமும் ஒரு மாதுளம்பழம் உரித்து என் தட்டில் வைக்கிறார். பின்வாசல் பப்பாளி மரத்தை ஆள் வைத்து வெட்டியும் விட்டார். வேர் சுவரைப் பிளக்கிறதாம். நல்ல பழம் தரும் மரம். இந்த வீட்டில் எதையாவது வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஏப்ரல் 14

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

காலையில் தனியாகப் பஸ் ஏறுவதாகத்தான் ஏற்பாடு. பையைத் தோளில் மாட்டிய நேரத்தில் அத்தை கெடுத்தார்.

"எங்கட்டி கெளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு அத்த. கர்ப்பப்பைல ஒரு சின்ன வேலை இருக்கு."

பொய் சொல்லவில்லை. இதைவிட உண்மையாக யாரும் சொல்ல முடியாது.

"ஒத்தைல போவாத. ஏங்க, காரை எடுங்க. அவளக் கூட்டிட்டுப் போய்ட்டு வாங்க. பொம்பளைய விசயம், ஒன்னும் கேட்டு அவளச் சங்கடப்படுத்தாதிய. ரோடு சரியில்ல, மெதுவாப் போங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அத்தையை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் முக்கியிருப்பேன். ஒரு வருடம் ஊமையாக இருந்தவருக்கு இன்றைக்குத்தானா வாய் திறக்க வேண்டும்!

மாமாவுக்குக் காது வரை சிவந்துவிட்டது. பாளையங்கோட்டை போய்ச் சேரும்வரை வானிலையைப் பற்றி மட்டும் பேசினார். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டும்போது மட்டும் வண்டியை மெதுவாக்கிப் பேச்சை நிறுத்தினார்.

ஆஸ்பத்திரியில் அவரைக் கீழேயே உட்கார வைத்துவிட்டு நான் மேலே போனேன். உடை மாற்றிப் படுத்தாயிற்று. அது மிஷன் ஆஸ்பத்திரி. ஊசி போடுவதாக இருந்தாலும் ஜெபம் பண்ணித்தான் போடுவார்கள். நர்ஸ் சிஸ்டர், "கூட யாரும் வந்திருக்காங்களா?" என்றார். மாமனார், சபை மூப்பர் என்றேன். அதற்குள் ஆள் அனுப்பிவிட்டார்.

மாமா உள்ளே வந்தார். சுவரில் கருத்தரிப்புப் பிரிவு என்று எழுதியிருந்ததை அவர் பார்க்கவில்லை. பெண்கள் பகுதிக்குள் வந்துவிட்ட வெட்கத்தில் தரையைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"ஐயா சபை மூப்பராமே. அப்ப நீங்களே ஜெபம் பண்ணுங்க" என்றார் சிஸ்டர்.

அவரால் எதை மறுக்க முடிந்தாலும் ஜெபத்தை மறுக்க முடியாது. என் தலைமேல் கையை வைத்தார். வாய் ஓட ஆரம்பித்தது.

"வைக்கிறதை நிலைக்கப் பண்ணும் ஆண்டவரே. நட்டதை வேர் பிடிக்கப் பண்ணும். வேர் பிடித்ததைக் கனி கொடுக்கப் பண்ணும்."

டாக்டரம்மா, சிஸ்டர், ஆயா எல்லோரும் உருக்கமாக "ஆமென்" சொன்னார்கள். இவ்வளவு பொருத்தமான ஜெபத்தை அந்த அறை கேட்டிருக்காது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். சிரிப்பா அழுகையா என்று எனக்கே தெரியவில்லை. மாமா கையை எடுக்கக் கொஞ்சம் நேரம் ஆயிற்று. வயசு.

நானே கூட்டிட்டுப் போறேன் என்றாரே, கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 15

கிணற்றடி வழுக்குகிறதாம். தண்ணீர் இறைக்க என்னை விடமாட்டேன் என்கிறார் அத்தை. நான் விழுந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

ஏப்ரல் 28

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. உப்புமா கருகிவிட்டது. யாரும் திட்டவில்லை. திட்டினாலும் எனக்குக் கேட்டிருக்காது.

மே 20

பிரின்ஸ் கல்யாணம். பெண்கள் எல்லோரும் தட்டு தூக்கினார்கள், பந்தி பரிமாறினார்கள், பெண் வீட்டாரை வரவேற்கப் போனார்கள். என்னை மட்டும் சமையல்கட்டுப் பக்கம் ஒரு நாற்காலி போட்டு, மடியில் வெங்காயத் தட்டை வைத்து உட்கார வைத்துவிட்டார் அத்தை. "இங்கன இருந்து எந்திரிக்கக் கூடாது" என்று உத்தரவு வேறு.

தெரியும், எல்லாம் தெரியும். விதவை முன்னால் வரக் கூடாது. கிறிஸ்தவர்களுக்கு அதெல்லாம் கிடையாது என்று பிரசங்கத்தில் சொல்வோம். வெங்காயம் உரித்துக்கொண்டே அழுதேன். வெங்காயத்தால் ஒரு வசதி, யாரும் ஏன் என்று கேட்பதில்லை.

ஜூன் 8

பிரின்ஸ் மனைவியோடு பெங்களூருக்குப் போய்விட்டான். என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பும் பேச்சை மாமா எடுத்தார். அத்தை வெடுக்கென்று சொன்னார்: "எனக்கு முட்டு வலி உயிர் போவுது. அவ இல்லாம அடுப்படி நடக்காது."

ஆக, நான் இந்த வீட்டில் இருப்பது அடுப்புக்காக. மனம் விட்டுப்போய்த் துணி எடுக்க மாடிக்குப் போனால், அத்தை எனக்கு முன்னால் ஏறிப் பாதித் துணியை எடுத்து முடித்திருந்தார். முட்டு வலியாம்.

ஜூலை 26

ஸ்திரீகள் ஐக்கியத்தில் போதகரின் மனைவி ஐயரம்மா "வேதத்தில் குணசாலிகள்" என்று பேசினார். சாராள், ரெபெக்காள், ரூத். ரூத்தைப் பற்றி, மாமியாருக்குக் கீழ்ப்படிந்தாள் என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்த மாமியார் நகோமிதான் குளித்து, நல்ல சேலை உடுத்தி, போவாஸ் படுத்திருக்கும் களத்துக்குப் போ என்று சொல்லி அனுப்பினவள். அது ஐக்கியத்தில் பேசுகிற விஷயம் இல்லை போல.

பேசி முடித்ததும் கண்கள் எல்லாம் என் இடுப்பைச் சுற்றி வந்தன. இழுத்துச் செருகின முந்தானை இனிமேல் உதவாது.

ஆகஸ்ட் 16

நடந்துவிட்டது.

ஆராதனை முடிந்ததும் கமிட்டி மெம்பர் தங்கையா சார் மாமாவை வேப்பமரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். மாமா செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்தார். என் வயிற்றைப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை.

"கமிட்டில நானே சொல்லுதேன். இவளுக்குத் திருவிருந்து நிறுத்தட்டும். கோயில்ல பேரு வாசிக்கட்டும். இவ இந்த வீட்ல இருக்கக் கூடாது."

எப்படி என்று கேட்கவில்லை, எப்போது என்று கேட்கவில்லை. ஏப்ரல் மாதம் எங்கே கூட்டிக்கொண்டு போனோம் என்று யோசிக்கவும் இல்லை. கொளுத்துங்கள் என்று சொல்ல யூதாவுக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று எனக்கு இன்று தெரிந்தது. நின்ற இடத்திலேயே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டேன். நாலு பேர் முன்னால் என் பேரை வாசிக்க ஆசைப்படுகிறவருக்கு நாலு பேர் முன்னால்தான் பதில்.

அத்தை சொன்னார்: "ஞாயித்துக்கெழமதான கமிட்டி. அது வரைக்கும் இருக்கட்டும்." பிறகு எனக்குத் தட்டு வைத்தார். அவருடைய இரக்கத்துக்கும் தேதி உண்டு.

ஆகஸ்ட் 23

கமிட்டி ரூமில் சபைப் போதகர் ஐயர், தங்கையா சார், இன்னும் நாலைந்து பேர், மாமா. அத்தை குடையை மடித்துக்கொண்டு வெளிப்படியில் உட்கார்ந்தார். உள்ளே வாருங்கள் என்று கூப்பிட்டேன். "நீ போ. நீயே பேசு" என்றார்.

தங்கையா சார் தொண்டையைக் கனைத்தார்.

"கிப்சன் செத்து ஒன்றர வருசமாச்சு. இது எப்படின்னு சபைக்குச் சொல்லணும்லா?"

"கேட்டதுக்கு நன்றி சார். முதல்ல கேக்குற ஆளு நீங்கதான். இது கிப்சன் பிள்ள. நாங்க ரெண்டு பேரும் ஆஸ்பத்திரில வச்சிருந்த கரு. டாக்டரம்மாவ நீங்களே கேட்டுக்கலாம்."

ஐயர் மெதுவாகச் சொன்னார்: "அப்படியே இருந்தாலும், வீட்டுப் பெரியவங்களுக்குத் தெரியாம செய்யலாமாம்மா?"

"தெரியாமலா? மாமாதான ஜெபம் பண்ணி வச்சாங்க."

மாமா தலையைத் தூக்கினார்.

"ஏப்ரல் பதினாலு மாமா. கர்ப்பப்பைல சின்ன வேலைன்னு சொன்னேன். என் தலையில கை வச்சு என்ன ஜெபம் பண்ணுனிய? வைக்கிறதை நிலைக்கப் பண்ணும்…"

"நட்டதை வேர் பிடிக்கப் பண்ணும்" என்று பின்னால் ஒருவர் தன்னை அறியாமல் முடித்தார். யாரோ இருமுவதுபோலச் சிரித்தார்கள். ஊருக்கே மனப்பாடமான ஜெபம் அல்லவா!

எனக்கு அடக்க முடியவில்லை. ஒன்றரை வருடமும் சேர்ந்து வந்தது.

"பெட்டிய மூடுறதுக்கு முன்னால சபை கேக்க வாக்குக் குடுத்திய. ஆண்டு நினைவுன்னிய, அப்புறம் கல்யாணம்னிய, அப்புறம் அம்மா வீட்டுக்குப் போன்னிய. நான் யார்ட்டயும் போகல மாமா. நீங்க கூட்டிட்டுப் போறேன்னு சொன்ன இடத்துக்குத்தான் போனேன், நீங்க ஓட்டுன கார்ல. இப்ப வேண்டாம்னா அந்த ஜெபத்தத் திரும்ப வாங்கிக்கிடுங்க. இங்கயே, இவிய எல்லாரும் கேக்க வாங்குங்க."

ஜெபத்தைத் திரும்ப வாங்க ஏதாவது முறை இருக்கிறதா என்று தங்கையா சார் ஐயரைப் பார்த்தார். ஐயர் மேஜையைப் பார்த்தார்.

மாமா எழுந்து நின்றார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு சின்ன உருவமா இவர் என்று அப்போதுதான் பார்த்தேன்.

"அவ சொல்லுதது அம்புட்டும் நெசம். வாக்குக் குடுத்தது நான். மீறுனதும் நான். எனக்குப் பயமா இருந்தது, ஐயர்வாள். அவன் நெஞ்சு இந்தப் பிள்ளைக்கும் வந்துருமோன்னு… அவ பயப்படல. நியாயம் அவ பக்கம். எழுதணும்னா எம் பேர எழுதிக்கிடுங்க."

அவர் அழுதார். மார்ச் மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது ஜலதோஷம் இல்லை என்று இப்போது தெரிகிறது. அதற்காக என் கோபம் குறைந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

வெளியே வந்தேன். அத்தை குடையை விரித்து என் தலைக்குமேல் பிடித்தார்.

"முடிஞ்சிதா? வா. காலைல இருந்து நீ ஒன்னும் திங்கல."

"அத்த, ஒங்களுக்கு…"

"ஒரு வீட்ல ரெண்டு பொம்பளைய. பல் வலின்னு நீ போன அன்னைக்கே புரிஞ்சிது. பெறகு, மாசத் துணி காயுத கொடியும் ஒன்னுதான. எனக்குத் தெரியாதாட்டி?"

நடுத்தெருவில் நின்றுவிட்டேன். மாதுளம்பழம், பப்பாளி மரம், கிணற்றடி, வெங்காயத் தட்டு, முட்டு வலி.

"பெறகு ஏன் ஒரு வார்த்த சொல்லல? நான் ஒங்கள எவ்ளோ திட்டுனேன் தெரியுமா?"

"ஒம் மாமாட்ட நான் பேசி என்னைக்கு நடந்திருக்கு? வேண்டாம்னு ஒரு தடவ சொல்லிட்டாருன்னா அம்புட்டுத்தான். அதான் ஜெபம் பண்ண அனுப்புனேன். அதுக்கு மட்டும் அவியளுக்கு வேண்டாம்னு சொல்லத் தெரியாது."

மிஷன் ஆஸ்பத்திரி வழக்கம் அத்தைக்குத் தெரியாதா என்ன? இரண்டு பிள்ளைகளையும் அங்கேதான் பெற்றார்.

சாயங்காலம் குடும்ப ஜெபம் வழக்கம்போல. இன்று ரூத், கடைசி அதிகாரம். ஊர் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்து போவாஸையும் ரூத்தையும் வாழ்த்துகிறார்கள். தாமார் யூதாவுக்குப் பெற்ற பேரேஸின் வீட்டைப்போல உன் வீடும் இருக்கட்டும் என்கிறார்கள். அந்த இடத்தில் மாமா நின்றார். ஒரு விரலை அங்கே வைத்துக்கொண்டே பின்னோக்கி ஆதியாகமம்வரை புரட்டினார். தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது.

"முப்பத்தெட்டாம் அதிகாரம்" என்றார்.

முழுக்க வாசித்தார். ஒரு வசனத்தையும் விடவில்லை. தடியை அடையாளம் கண்டுகொள்கிற இடத்தில் குரல் போய்விட்டது. அத்தை தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தார். குடித்துவிட்டு மீதியையும் வாசித்தார். இரட்டைப் பிள்ளை பிறந்தது வரைக்கும்.

வேதத்தை மூடினார். எப்போதும் வாய் தானாக ஓடுகிற நேரம். இன்று ஓடவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்:

"எப்சி, இன்னைக்கு நீ ஜெபம் பண்ணும்மா."

"எனக்கு இன்னும் கோவம் தீரல மாமா."

"கோவத்தோடயே பண்ணு."

பண்ணினேன், கொஞ்சம் நீளமாகவே.